ஆடிக்கு முதல் நாள் நிறுத்திய சோதனை

பிராசசர் கம்பெனி இவ்வளவுதான் தாங்கும் என்று காகிதத்தில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேலே மெமரியை ஓட்டிக் காட்டுகிறவன் ஸ்கூடாயில் நான் ஒருவன்தான். மற்றவர்களும் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எவனோ போட்ட வீடியோவைப் பார்த்து அதே எண்களை அப்படியே தட்டுகிறவர்கள். நான் படித்தது பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. பதினைந்து வயதில் பால் மரத்தை விட்டு வெளியே வந்து, ஃபேக்டரியில் ஈயம் பற்றவைத்து, பிறகு சிங்கப்பூரில் பழைய கம்ப்யூட்டர் மெஷின்களைப் பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்து ஸ்கூடாயில் சொந்தக் கடை போட்டேன். டிப்ளோமா படித்தவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்க வந்திருக்கிறார்கள். டிப்ளோமா என்ற காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததே அவர்கள் கொண்டுவந்தபோதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மெஷின் வேலை செய்யும்போது கணக்கை எல்லாம் வைத்துக்கொள்ளும் இடம்தான் மெமரி. ரேம் என்போம். ஒரு சாண்கூட இல்லாத ஒல்லித் தகடு. அதன் டப்பாவில் ஆறாயிரம் என்று வேகம் போட்டிருப்பார்கள். பிராசசர் கம்பெனியோ, இரண்டு தகடு மாட்டினால் ஐயாயிரத்து இருநூறு, நிறையப் பிடிக்கிற பெரிய தகடாக நான்கு மாட்டினால் மூவாயிரத்து அறுநூறு, அதற்கு மேல் போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பார்கள். டப்பாவில் போட்ட எண்ணுக்கும் கம்பெனி எழுதிய எண்ணுக்கும் நடுவில்தான் என் பேர் நின்றது. மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, படிப்படியாக ஏற்றுவேன். ஏற்றுவது பெரிய விஷயமில்லை. ஏறியது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கென்று சோதிக்கிற புரோகிராம் இருக்கிறது. மெமரி முழுக்க எதையாவது எழுதும், திரும்பப் படிக்கும், எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று பார்க்கும். ஓரிடத்தில் மாறியிருந்தாலும் திரையில் சிவப்புக் கோடு விழும்.

என் வழக்கம் இரண்டு நாள். முதல் நாள் மெமரியை மட்டும் சோதிப்பேன். இரண்டாம் நாள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து முழு மூச்சாக ஓடவிட்டு, பெட்டிக்குள் சூடு ஏறிய பிறகு மறுபடி சோதிப்பேன். குளிரில் ஒழுங்காக நடக்கிற ரேம் சூட்டில் புத்தி மாறும். முதல் நாள் தேறி இரண்டாம் நாள் விழுந்த ரேம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் திரையோடு கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். ஆங்கிலத்தில் எழுதி வைக்க எனக்கு வராது.

இது ஒரு டீச்சருக்குக் கட்டிய மெஷினின் கதை. அவள் எங்கள் தோட்டத்துப் பெண். அவளுடைய மூத்த அண்ணனும் நானும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஃபேக்டரிக்குப் போனவர்கள்; அவள் அப்போது கைக்குழந்தை. அதனால் என்னையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். யோங் பெங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கணக்குப் பாடம். நாற்பது வயதுக்கு மேல், மூன்று வருஷம் கல்வி விடுப்பு வாங்கிக்கொண்டு இங்கே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். புருஷன் சிங்கப்பூருக்குத் தொழிலாளர் பஸ் ஓட்டுகிறவர். ஸ்கூடாயில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வாடகைக்கு இருந்தார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி வெள்ளம். யோங் பெங் பக்கம் ஆறு பெருகினால் எந்தத் தாமானில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று மெஷினில் கணக்குப் போட்டுச் சொல்வது. முதல் ஒன்றரை வருஷம் வீடு வீடாகப் போய், போன வெள்ளத்தின் அழுக்குக் கோடு சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்திருக்கிறாள். அதையெல்லாம் கணக்கில் ஏற்ற பல்கலைக்கழகத்துப் பெரிய மெஷினில் முறை கிடைக்கவில்லை. என்னிடம் வந்தாள்.

“நாலு ரேமும் போட்டுக் குடுங்கண்ணே. மெமரி நெறைய வேணும். வேகம் பரவால்ல.”

“வேகம் பரவால்லயா? என் கடைக்கு வந்துட்டு வேகம் பரவால்லன்றியே. கம்பெனிக்காரன் மூவாயிரத்து அறுநூறுன்றான். நான் ஆறாயிரத்துல ஓட்டித் தரேன் பாரு.”

“நெசமாவா? கெட்டுப் போவாதா?”

“கெட்டுப் போவுமாம்! யார்கிட்ட கேக்குற?”

அவள் சிரித்தாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. எங்கள் தோட்டத்தில் முன்னுக்கு வந்தவன் என்றால் முதலில் என் பேரைத்தான் சொல்வார்கள்.

ஆறாயிரம் ஏறியது. ஒரே பகலில் ஏற்றினேன். முதல் நாள் சோதனை ஒரு கோடு இல்லாமல் முடிந்தது. இரண்டாம் நாள் சோதனை தொடங்கிய அன்று ஆனி மாதம் கடைசி நாள். மறுநாள் ஆடி.

எங்கள் கடையில் ஆடி மாதம் புது மெஷினை வெளியே அனுப்புவதில்லை. நான் வைத்த சட்டம் அது. புது வீடு, புதுக் காடி, புது மெஷின் எதுவும் ஆடியில் தொடங்கினால் விளங்காது என்பது என் எண்ணம். டீச்சர் மதியம் வந்தாள்.

“இன்னும் சோதன முடியலயா? நாளைக்கி வந்து எடுத்துக்கறேண்ணே.”

“நாளைக்கி ஆடி.”

“எனக்கு ஆடியெல்லாம் இல்லண்ணே. கணக்கு டீச்சர்கிட்டப் போயி ஆடின்றீங்க.”

“உனக்கு இல்ல, எனக்கு இருக்கு. ஆடியில என் கடையிலேருந்து மெஷின் போனதில்ல. ஒண்ணு இன்னிக்கி எடுத்துக்க, இல்ல ஒரு மாசம் கழிச்சு வா.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்தை விட முடியாது, விடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் திரையைப் பார்த்தேன். சூட்டுச் சோதனை தொடங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. கடையில் ஏர்கோன் குளுகுளு என்று ஓடுகிறது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இதற்கு மேல் என்ன என்று சோதனையை நிறுத்தி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தைப் பெட்டியின் தலையில் சுற்றி நசுக்கிவிட்டு, நானே தூக்கிக்கொண்டுபோய் அவள் காடியின் பின்சீட்டில் வைத்தேன். உள்ளே எதையும் நோண்டாதே, நோண்டினால் நான் பொறுப்பில்லை என்றும் சொன்னேன். அவள் நோண்டவே இல்லை. சொன்னதைக் கேட்கிற பெண்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தாள். கடை நிறைய ஆட்கள். பக்கத்து அச்சுக்கடைச் சீனரும் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு நின்றிருந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

“அண்ணே, ஒரே கணக்க ரெண்டு தடவ ஓட்டுனா ரெண்டு விடை வருதுண்ணே. எதையும் மாத்தல. ஒரு தடவ அந்தத் தாமான்ல நாலடி தண்ணின்னு வருது, இன்னொரு தடவ ரெண்டரை அடின்னு வருது. மெஷின்ல ஏதாச்சும் இருக்குமோ?”

சீனர் குறுக்கே விழுந்தார். “டீச்சர், இவன் மெஷின் என் பொண்டாட்டி மாதிரி லா. காலையில ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும்.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“இங்க பாரு, கணக்கு உன்னுது, மெஷின் என்னுது. என் மெஷின் தப்பா இருந்தா அப்படியே நின்னு போயிருக்கும், நீல ஸ்கிரீன் வந்திருக்கும். வந்துச்சா?”

“வரலண்ணே.”

“அப்ப? ஆறாங்கிளாஸ் படிச்சவன் கட்டுன மெஷின் நிக்காம ஓடுது. டாக்டருக்குப் படிக்கிறவ போட்ட கணக்குதான் இடிக்குது. போயி நீ எழுதுனத ஒழுங்காப் பாரு.”

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை என் பக்கம். அவளும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “சரிண்ணே, பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெமரி தப்புப் பண்ணினால் மெஷின் நின்றுதான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை. எங்கோ ஓர் எண்ணில் ஒரு புள்ளி மாறிவிட்டு, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன்.

அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். தான் எழுதிய புரோகிராமில் ஒவ்வொரு வரியாகத் தப்புத் தேடியிருக்கிறாள், தைப்பூசம் வரைக்கும். நடுவில் வருஷ அறிக்கைக்கு நாள் வந்துவிட்டது. கடைசியாக வந்த விடைகளைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒரு கருத்தரங்கிலும் அதே எண்களை வாசித்தாள்.

தைப்பூசம் கழிந்த பிறகு அவள் புருஷன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். விசிறி சத்தம் போடுகிறது, தூசி தட்டிக் கொடுங்கள் என்றார். வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன். மாடியில், மேற்குப் பார்த்த அறை, ஏர்கோன் இல்லை, மத்தியானத்துக்கு மேல் உள்ளே கால் வைக்க முடியாது என்றார்.

அந்த வாரம் என் கடை ஏர்கோன் ரிப்பேர். கதவைத் திறந்துபோட்டு, எல்லாரும் வேர்த்து வடிந்துகொண்டிருந்தோம். தூசி தட்டி முடித்ததும் பழக்கத்தில் சோதனையைப் போட்டேன். இரண்டாம் நாள் சோதனை, அன்றைக்குப் பாதியில் நிறுத்தினேனே, அது. நாற்பது நிமிஷத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினேழு கோடு. கை பாட்டுக்குப் படம் பிடித்தது.

வேகத்தை மூவாயிரத்து அறுநூறுக்கு இறக்கினேன். இரண்டு நாள் முழுக்க ஓட்டினேன், ஒரு கோடு இல்லை. கம்பெனிக்காரன் காகிதத்தில் போட்ட எண். அதையும் படம் பிடித்தேன்.

புருஷன் வந்தபோது, “தூசிதான், வேற ஒண்ணுமில்ல. இனிமே நல்லா ஓடும்” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு கடைக்காரன் தன் தப்பைத் திருத்திவிட்டான், இனிமேல் அவளுக்கு ஒழுங்கான விடை வரும், யாருக்கும் நஷ்டமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இத்தனை வருஷம் கட்டின பேர் இருக்கிறது. வெளியே தெரிந்தால் அச்சுக்கடைக்காரர் ஒருத்தர் போதும், ஸ்கூடாய் முழுக்கச் சிரிக்க.

ஒரு மாதத்தில் டீச்சர் போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அண்ணே, இப்ப ஒரே விடை வருது! ரெண்டு தடவையும் ஒரே விடை. நீங்க சொன்ன மாதிரி நான் எழுதுனதுலதான் எங்கயோ தப்பு இருந்துருக்கும்போல. எதைத் திருத்துனேன்னுதான் தெரில.”

“நாந்தான் சொன்னேன்ல” என்றேன். இந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பிறகு பல மாதம் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. ஜூலை மாதம் அவள் புருஷன் பிரிண்டருக்கு மை வாங்க வந்தார். சாதாரணமாக உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்து, சிங்கப்பூர் போகிற காஸ்வே பாலத்து ஜாமைத் திட்டிவிட்டுப் போகிற ஆள். அன்றைக்கு நின்றபடியே இருந்தார்.

“என்ன, ஒடம்பு சரியில்லயா?”

“எனக்கு ஒண்ணுமில்லண்ணே. அவதான் சோறு தண்ணி இல்லாமக் கெடக்குறா. இவ நம்பர மாத்திட்டாள்னு சொல்றாங்க.”

“யாரு?”

“யூனிவர்சிட்டில. மொதல்ல ரிப்போர்ட்ல ஒரு நம்பர் குடுத்தாளாம், இப்ப வேற நம்பர் வருதாம். எதை மாத்துனேன்னு கேட்டா இவளுக்குச் சொல்லத் தெரில. எதையும் மாத்தலன்றா. அப்ப எது பொய்னு கேக்குறாங்க. விசாரணை முடியற வரைக்கும் எதையும் ஓட்டக்கூடாதுன்னு நாலு மாசமா மெஷினத் தொடவே இல்ல. வர்ற செவ்வாக்கெழம கூப்ட்டுருக்காங்க. பொய் நம்பர் போட்டாள்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா பட்டம் போறது கெடக்கட்டும்ணே, டீச்சர் வேலைக்கே கரும்புள்ளி.”

மையை எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், “கவலப்படாதீங்க” என்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அந்த வளாகத்துக்குள் மெஷின் இறக்கிவைக்க எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் பின்வாசல் வழியாக. அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் டீச்சரும் புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இளைத்துப்போயிருந்தாள்.

“நீங்க எங்கண்ணே இங்க?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆனி கடைசி நாள் சோதனையை நிறுத்தியது, தைப்பூசத்துக்குப் பிறகு சிவப்புக் கோடு விழுந்தது, வேகத்தை இறக்கிவிட்டுத் தூசி என்று சொன்னது. கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். அவள் இரண்டு படங்களையும் விரலால் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். புருஷன்தான் எழுந்தார்.

“அன்னிக்கி என் கையிலதானே குடுத்தீங்க. என் மூஞ்சப் பாத்துத்தானே தூசின்னு சொன்னீங்க.”

அவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

உள்ளே நான்கு பேர். என்னை அழைக்கச் சொல்லி அவளே கேட்டாள். பாசாரில் மீன் வாங்கப் பேசிக் கற்ற மலாயில் சொன்னேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று நடுவில் இருந்த பெண்மணி கேட்டார். ஆறாம் வகுப்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒருவருக்கு இந்த வேலை தெரியும் போலிருந்தது. எத்தனை ரேம், என்ன வேகம், எவ்வளவு மின்சாரம், எந்தச் சோதனையை எத்தனையாவது மணி நேரத்தில் நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். அவர்கள் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், படித்த நான்கு பேர் என் வாயைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் அவள் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அது அடங்கியது.

ஒரு மணி நேரம் வெளியே உட்காரவைத்தார்கள். பிறகு அவளை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்கள். பொய் எண் போடவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். கரும்புள்ளி இல்லை. ஆனால் அந்த மெஷின் ஆறாயிரத்தில் ஓடிய காலத்தில் வந்த விடை ஒன்றும் செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

கார் நிறுத்துமிடத்துக்கு மூன்று பேரும் நடந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன்.

“பேரு கெடலல்ல தங்கச்சி. அது போதும். இனிமே ஓட்டிரலாம். ரெண்டு மெஷின் கட்டித் தரேன், மூணு வேணும்னாலும் கட்டித் தரேன்.”

அவள் காடிக் கதவில் கை வைத்து நின்றாள். கரும்பலகை முன்னால் நிற்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“மொத்தம் முப்பது கணக்குண்ணே. ஒண்ணு ஓட பதினோரு நாளு. பதினோரு மாசம் வேணும். தீபாவளிக்கு முன்ன உங்க கடையில வந்து கேட்டேன்ல, அப்ப விடுப்பு பதினாலு மாசம் பாக்கி இருந்துச்சு. இப்ப அஞ்சு மாசம் இருக்கு.”

“மூணு மெஷின் இருந்தா மூணு மடங்கு சீக்கிரம் முடியும்ல.”

“ஓடி முடிஞ்சா மட்டும் போதுமா. விடைய வச்சு எழுதணும், திருத்தணும், அவங்க படிக்கணும். அதுக்கே அஞ்சு மாசம் பத்தாதுண்ணே.”

“விடுப்ப நீட்டிக் கேட்டுப் பாரேன்.”

“கேட்டாச்சு. போன மாசமே இல்லன்னுட்டாங்க. ஜனவரியில பள்ளிக்கூடம் போவணும்.”

புருஷன் காடியைக் கிளப்பினார். என்னைப் பார்க்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

“அண்ணே, எங்க பள்ளிக்கூடத்துல புதுசா கம்ப்யூட்டர் ரூம் வருது. நம்ம தோட்டத்து ஆளு, நல்லா செய்வாருன்னு தலைமையாசிரியர்கிட்ட நாந்தான் உங்க பேரச் சொல்லி வச்சிருந்தேன். இப்ப வேணாம்னு சொல்லிருவேன். கோச்சுக்காதீங்க.”

சரி என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.